தோல் விதி

கொக்கி ஆலையின் மூன்றாம் கூடத்தில் சுவர்க்கடிகாரம் ஒன்று உண்டு. பெண்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. காலையில் வேலைக்கு வரும்போது குப்பிக்குள் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும் கொக்கி, வெளியே கரிசல் காடு சூடேற ஏற ஓரம் இளகி, பத்து மணி வாக்கில் தண்ணீராகத் தெளிந்துவிடும். "இளகிட்டுக்கா" என்று யாராவது ஒருத்தி சொன்னால் வார்க்கத் தொடங்க வேண்டும். அதன்பின் மதியச் சோறு வரை பேச்சு கிடையாது.

ஞானப்பூ பதினாறு வருடமாக வார்த்தவள். காற்றை மேலே இழுத்துக்கொள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு கையையும் விட்டு, பெரிய குப்பியிலிருந்து விரல் நீளச் சிமிழ்களுக்குக் கொக்கியைச் சிந்தாமல் ஊற்றுவது அவள் வேலை. ஒரு சிமிழ் நிரம்ப ஏழு விநாடி. நாற்பத்திரண்டு வயதிலும் அவள் கை நடுங்கியதில்லை.

ஏட்டில் அதன் பெயர் இணைமம்-ஏழு. கொக்கி என்பது வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். ஒரு மூலக்கூறின் வாலையும் இன்னொன்றின் தலையையும் பிடித்துக் கோத்துவிட்டு, தான் மட்டும் வெள்ளைக் கசடாக ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு ஒரே எதிரி தண்ணீர். ஈரக்காற்று பட்டாலே வெளுத்து, சுண்ணாம்புத் தூள்போல் ஆகிச் செத்துப்போகும். வருடத்தில் முந்நூறு நாள் வறண்டு கிடக்கும் பூமி என்பதற்காகவே விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஆலையைக் கட்டினார்கள்.

கொக்கி வந்தபிறகு மருந்துக்கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் பீரோ அளவில் ஒரு மருந்து நெய்வி நின்றது. டாக்டர் எழுதியதைத் தட்டினால், நெய்வி தன் அறைகளிலிருந்து மூலக்கூறுத் துண்டுகளை எடுத்து, கொக்கியால் கோத்து, கழுவி, வடிகட்டி, பத்தாவது நிமிடம் மாத்திரையைத் தட்டில் போடும். ஆளின் எடைக்கும் வயதுக்கும் தக்கபடி அளவு. 'ஸ்டாக் இல்லை' என்ற பேச்சே ஜனங்களுக்கு மறந்துபோயிற்று. ஊரெல்லாம் சுவர்களில் 'பத்து நிமிட மருந்து, இணைமம் பூச்சியம்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி திரவியம். மாதம் ஒருமுறை கூடத்துக்கு வந்து பாடம் எடுப்பார். இரட்டைக் கையுறை போட வேண்டும். ரப்பருக்குள்ளும் கொக்கி மெல்ல ஊறி இறங்கும் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையுறையை மாற்ற வேண்டும். சிந்தினால் துணியால் துடைக்கக் கூடாது. புளித்த காடியை ஊற்றி, முழுக்க வெளுத்துச் சாகும்வரை காத்திருந்து அப்புறம்தான் அள்ள வேண்டும். பாடமெல்லாம் சரிதான். நெய்விகள் பெருகப் பெருகச் சிமிழ்கள் பற்றாமல் போயின. இருபது நிமிடம் நாற்பதாயிற்று, அப்புறம் ஒரு மணி நேரமாயிற்று. பெட்டியில் கையுறையே அளந்துதான் வந்தது.

"ஏட்டுல இருபது நிமிசம்னுதான சார் இருக்கு?" என்று ஞானப்பூ ஒருநாள் கேட்டாள்.

"ஏடு எழுதினவங்க இவ்வளவு ஆர்டர் வரும்னு நெனைக்கலம்மா," என்றார் திரவியம்.

அந்த வருடம் ஐப்பசியில் ஞானப்பூவின் குதிகாலில் கருவேலமுள் ஏறிப் புரை வைத்தது. காய்ச்சலோடு சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் ரிஸ்வானா காலைப் பார்த்துவிட்டு நெய்வியில் தட்டினார். பத்தாவது நிமிடம் மாத்திரை விழுந்தது. அதை விழுங்கிவிட்டு வாசற்படி இறங்கும்போது ஞானப்பூவின் உதடு தடித்தது. அடுத்த படியில் காது அடைத்தது. மூன்றாவது படியில் யாரோ தொண்டையைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் மூச்சு நின்றது.

அவள் கண் விழித்தபோது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ரிஸ்வானாவின் கையிலிருந்த குப்பி பழுப்பேறிய லேபிள் ஒட்டிய பழைய குப்பி.

"இது பழைய ஆலை மருந்து. கொக்கி வர்றதுக்கு முந்தி செஞ்சது," என்றார் ரிஸ்வானா. "அலமாரி மூலையில பன்னிரண்டு குப்பி கிடந்தது. இல்லேன்னா நீங்க இப்போ இல்ல."

"மாத்திரையில என்ன கோளாறு டாக்டரம்மா?"

"உங்க உடம்புலதான்." ரிஸ்வானா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கொக்கிக்கு மருந்து, தோல்னு வித்தியாசம் தெரியாது. கையுறைக்குள்ள ஊறி வந்தா உங்க தோலோட சொந்தச் சரக்கையே பிடிச்சுக் கோத்திடும். உடம்பு அதைப் பார்த்துட்டு, இது நம்மளது இல்ல, வேத்தாள்னு முடிவு பண்ணிரும். அப்புறம் மறக்கவே மறக்காது. ஒரு பொட்டுக் கொக்கி வந்தாலும் அரிவாளைத் தூக்கிரும்."

"மாத்திரையிலதான் கொக்கி கிடையாதே. பூச்சியம்னுல்ல சுவரெல்லாம் எழுதிப் போட்டிருக்கு?"

"உங்க கூடத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கான்னு கேட்டுப் பாருங்க," என்றார் ரிஸ்வானா.

ஞானப்பூ ஆலைக்குத் திரும்பிக் கூடத்துப் பெண்களிடம் கேட்டாள். முப்பிடாதி என்கிற ஒருத்தி முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தலைவலி மாத்திரை போட்ட மறுநாளெல்லாம் உடம்பு பூராவும் தடிப்பு எழும்புகிறதாம். சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தாளாம். கூடத்திலிருந்த இருபத்தாறு பேரில் பன்னிரண்டு பேருக்கு அப்படியே.

மறுவாரம் திரவியம் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வேலை நேரத்தில் தன் விருப்பத்தில் கையுறையைக் கழற்றியதாக அதில் எழுதியிருந்தது. ஒப்பம் போட்டால் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. போடாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவளுக்கு வந்தது பயக்கோளாறு என்று ஆலை டாக்டர் எழுதிவிட்டார்.

"மாத்திரையில மிச்சம் பூச்சியம்மா. கருவி சொல்லுது. இல்லாத சாமானுக்கு உன் உடம்பு எப்படித் தடிக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கேன் சார்."

"பிடிவாதம் பண்ணாத. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஞானப்பூ தாளை நாலாக மடித்து அவர் மேசையின் காகிதக் கனத்துக்கு அடியில் வைத்தாள். "கையுறையை நான் கழட்டல. நீங்கதான் கொடுக்கல. அப்படி எழுதிக் கொண்டாங்க, இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

அன்றோடு வேலை போயிற்று. பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஏழு மாதம் மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டார்கள். கடைசியில், இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டுவதற்காகவே, மருந்துத் தர வாரியம் மதுரையில் ஒரு பகிரங்க விசாரணை வைத்தது.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. மேடையில் பத்துக் கண்ணாடித் தட்டு, பத்திலும் ஒரே மாதிரித் தெளிந்த திரவம். சில தட்டுகளில் நெய்வி மாத்திரையைக் கரைத்திருக்கிறார்கள், சிலவற்றில் வேறு. எதில் எது என்று வாரியத் தலைவி அரங்கநாயகிக்கு மட்டும் தெரியும். ஞானப்பூ வலது கையை மேசையில் நீட்டினாள். ரிஸ்வானா முழங்கைக்குக் கீழே பேனாவால் பத்துக் கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒரு சொட்டு வைத்தார். பக்கத்திலேயே பழைய குப்பியும் ஊசியும் தயாராக இருந்தன.

ஐந்தாவது நிமிடம் நான்காம் கட்டம் சிவந்தது. அப்புறம் ஒன்று, ஏழு, ஒன்பது. கொசு கடித்ததுபோல் எழும்பிய தடிப்புகள் காலணா அகலத்துக்குப் பரந்தன. பதினைந்தாவது நிமிடம் எட்டுக் கட்டம் எழும்பியிருந்தது. இரண்டும் ஐந்தும் மட்டும் வெறும் தோல்.

அரங்கநாயகி உறையைப் பிரித்தார். "இரண்டும் ஐந்தும் தண்ணீர். சரிதான். ஆனால் எட்டாவது..." கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "எட்டாவது எங்கள் ஆய்வகத்தின் சான்று மாத்திரை. பூச்சியம் என்றால் என்ன என்பதை இதை வைத்துத்தான் நாட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சொல்லித் தருகிறோம். அதில் இணைமம் இருக்க வழியே இல்லை."

ஆலையின் வக்கீல் சிரித்தபடி பின்னால் சாய்ந்தார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. முப்பிடாதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஞானப்பூ கையை மடக்கவில்லை. தடித்துச் சிவந்த எட்டாவது கட்டத்தை அப்படியே அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

"அப்போ உங்க பூச்சியத்தை முதல்ல திருத்துங்கம்மா," என்றாள்.

பதினோரு நாள் கழித்து, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் புதுவிதக் கருவியால் சோதித்த அறிக்கை வந்தது. சான்று மாத்திரையில் கொக்கி இருந்தது, நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு குளத்துத் தண்ணீரில் சில சொட்டு மை மாதிரி. கருவிகளெல்லாம் அதையே பூச்சியம் என்று கற்றுக்கொண்டு, நாடு பூராவும் அந்தப் பூச்சியத்தைக் கக்கிக்கொண்டிருந்தன. மாத்திரை தின்ற குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமல் வந்துகொண்டிருந்த மூச்சிரைப்புக்கும் தோல் தடிப்புக்கும் காரணம் தெரிந்தது. அத்தனை நுட்பமான கருவியை ஊருக்கு ஒன்று வைக்க முடியாது. உலகத்திலேயே மூன்றுதான் இருந்தன. ஞானப்பூவின் தோலோ பதினைந்து நிமிடத்தில் சொல்லியது.

அப்படிப் பிறந்ததுதான் தோல் விதி. எந்த நெய்வியானாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கொக்கி பட்டு நொந்த ஒருவர் அதன் மருந்தைத் தன் கையில் வைத்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சொன்னால்தான் நெய்வியின் பூட்டுத் திறக்கும். அவர்களுக்கு உணர்வாளர் என்று பெயர். மாநிலம் முழுக்கத் தேடியதில் இருநூற்றுப் பதினேழு பேர் கிடைத்தார்கள். பயக்கோளாறு என்று துரத்தப்பட்டவர்களை அழைத்துப்போக வாசலில் வண்டி வந்து நின்றது. தடித்தால் வடிகட்டியை மாற்றினார்கள். தடிக்காவிட்டால் ஜனங்கள் கை தட்டினார்கள். பிள்ளைகளின் மூச்சிரைப்பு குறைந்தது. ஆலையில் ஊற்றும் வேலை முழுக்க மூடிய குழாய்களுக்குள் போய்விட்டது. புதிதாக யாருக்கும் தோல் கெடவில்லை.

வென்றுவிட்டோம் என்றுதான் ஞானப்பூவும் நினைத்தாள்.

ஆனால் 'சரி' என்று அவள் சொன்ன மாத்திரையையும் அவள் விழுங்க முடியாது. விழுங்கிப் பார்த்த உணர்வாளர்களுக்கு, தோலுக்குத் தெரியாத அளவு குடலுக்குத் தெரிந்தது. உணர்வாளர்களுக்கு எந்த நோய் வந்தாலும் பழைய ஆலை மருந்துதான் கதி; பழைய ஆலைகள் எப்போதோ இடிந்துவிட்டன. மிச்சமிருந்த குப்பிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. நான்காம் வருடம் மார்கழியில் முப்பிடாதிக்கு நெஞ்சுச் சளி கட்டியது. கடைசிப் பழைய குப்பியும் பற்றாமல், ஏழு நாள் வெந்நீரும் கஷாயமும் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டாம் நாள், தான் திறந்துவைத்த நெய்வி இருபதடி தூரத்தில் ஊருக்கெல்லாம் மருந்து நெய்துகொண்டிருக்க, அதே கட்டடத்தில் அவள் செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் திரவியம் ஞானப்பூவின் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் வாரியத்தில் அதிகாரி. தலை நரைத்திருந்தது. ஞானப்பூ கொடுத்த கடுங்காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இருநூற்றுப் பதினேழுல இப்போ நூற்று எழுபத்தெட்டுதான் இருக்கீங்க. நெய்வி மூவாயிரம் ஆயிருச்சு. உங்க கை வந்து சேர்றதுக்குள்ள பூட்டிக் கிடக்குது. ஜனங்க கத்துறாங்க."

"ஆமா, கேள்விப்பட்டேன்."

"பயிற்சி மையம் ஒண்ணு ஆரம்பிக்கிறோம். விருப்பப்பட்டு வர்றவங்களுக்கு, அளவா, டாக்டர் மேற்பார்வையில, மூணு மாசம் கொக்கியைத் தோல்ல தடவி... உணர்வாளர் ஆக்குறது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தலைமைப் பொறுப்பு உங்களுக்குத்தான்னு வாரியம் ஒரு மனசா முடிவு பண்ணியிருக்கு."

ஞானப்பூவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்தபோது வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"எங்களுக்கு வந்தது யாருக்கும் வரக்கூடாதுன்னுல்ல சார் நாங்க கையை நீட்டுனது?"

"யாருக்கும் வரலேன்னா, மருந்து சுத்தமா இல்லையான்னு யாருக்கும் தெரியாதே. என்னதான் வழி? நீங்களே சொல்லுங்க."

அவள் அவருடைய கூடத்துப் பாடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கூடத்துல சிந்துனா காடி ஊத்திக் காத்திருக்கச் சொல்வீகளே. நெய்வி அப்படிக் காத்திருக்குதா?"

திரவியம் டம்ளரைக் கைமாற்றிப் பிடித்தார்.

"சொல்லுங்க சார்."

"ரெண்டு நிமிஷம் கழுவுது," என்றார் அவர். "நாலு மணி நேரம் காடித் தண்ணியில ஊறவெச்சு நிதானமாக் கழுவினா ஒரு பொட்டு மிஞ்சாது. நெய்வியிலேயே அந்த நிலை இருக்கு, நீள்கழுவல்னு. முதல் நாள்லயிருந்தே இருக்கு."

"பிறகு ஏன் அதைப் போடல?"

"யாரும்மா நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பா? பத்து நிமிட மருந்துன்னு பழகிட்டாங்க. போன மாசம் வாரியம் ஜனங்ககிட்டயே கேட்டுச்சு. நாலு மணி நேர மருந்து வேணுமா, புது உணர்வாளர் வேணுமான்னு. நூத்துக்குத் தொண்ணூத்தோரு பேர் உணர்வாளர்தான்னு சொல்லிட்டாங்க. விண்ணப்பம் வேற குவியுது. தியாகம்னு நெனைக்கிறாங்க." பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். "முதல் பேரே உங்க டாக்டரம்மாதான்."

ஞானப்பூ பட்டியலைப் பார்த்தாள். ரிஸ்வானா என்றுதான் இருந்தது. காப்பி ஆறிப்போன டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பொறுப்பு எனக்கு வேண்டாம். போயிட்டு வாங்க."

மறுநாள் காலை அவள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். போகும்போதே வலது கடவாய்ப் பல் விண் விண் என்று தெறித்தது. நாலைந்து நாளாகவே வலிதான். அழுகைக்கு நடுவில் கவனிக்கவில்லை. தாடை ஒரு பக்கம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரை இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த நெய்விக்குக் கை வைக்கும் முறை அவளுடையது. வராந்தா பெஞ்சில் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டார்கள். ஒரு கிழவர் அவள் வலது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"பட்டியல்ல உங்க பேரு இருக்கு."

ரிஸ்வானா எழுதுவதை நிறுத்தினார். "ஆமா. பதினைந்து நாளுக்கு ஒருதரம் உங்க கைக்காகக் காத்திருக்கேன். நீங்க ஒரு நாள் தாமதமா வந்தா நெய்வி பூட்டிக்குது. போன மாசம் அப்படிப் பூட்டிக் கிடந்தப்ப பாம்புக்கடி ஒண்ணு. கண்ணு முன்னால போச்சு. என் கையே கருவியா இருந்தா அந்த ஆள் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்."

"அடுத்தது உங்களுக்கே ஒரு சளி பிடிச்சா?"

"முப்பிடாதியை நான்தானே பார்த்தேன். தெரிஞ்சுதான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"தெரிஞ்சு செஞ்சா சரியாப் போயிருமா? எங்க பாதத்துல முள்ளு குத்துச்சு, நாங்க கத்துனோம். நீங்க என்னடான்னா எல்லாருக்கும் ஆளுக்கொரு முள்ளு குத்திவிடலாம்கிறீக."

"பாம்புக்கடிக்காரன்கிட்ட நாலு மணி நேரம் காத்திருடான்னு சொல்ல முடியுமா ஞானப்பூ? அதையும் நீங்களே சொல்லுங்க."

"முடியாது. உசிருக்குப் போராடி வாரவனுக்குப் பத்து நிமிசம் கொடுங்க. அதுக்கு மிச்சம் இருக்கிற எங்க நூத்தி எழுபத்தெட்டுக் கை போதும், நாங்க சாகுற மட்டும் தாரோம்." ஞானப்பூ ஜன்னலைத் திறந்து வராந்தாவைக் காட்டினாள். "அந்தா இருக்காவளே, அதுல யாருக்குப் பாம்பு கடிச்சிருக்கு?"

ரிஸ்வானா பார்த்தார். ஒருத்தருக்கு மூட்டுவலி. ஒருத்தருக்குச் செரிமானம் இல்லை. ஒரு அம்மாளுக்கு மாதாமாதம் வாங்கும் இரத்த அழுத்த மாத்திரை. இரண்டு பேருக்குத் தலைவலி.

"இந்த நெய்வி நீள்கழுவல்ல ஓடுனாத்தான் இனிமே நான் கை வைப்பேன். அவசரத்துக்குத் தனியா ஒரு அறையை வெச்சுக்கோங்க. இல்லேன்னா பூட்டிக் கிடக்கட்டும்."

"வாரியம் உங்க மேல நடவடிக்கை எடுக்கும். ஜனங்க கல்லெறிவாங்க."

"எறியட்டும். என்னைப் பயக்கோளாறுன்னு சொன்னப்பவும் இதே ஜனந்தான்." பேசப் பேச வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ரிஸ்வானா வீக்கத்தைச் சரியாகப் பார்த்தார். எழுந்து வந்து வாயைத் திறக்கச் சொன்னார். அவர் முகம் மாறியது.

"எத்தனை நாளா?"

"இருக்கும் நாலஞ்சு நாள்."

"சீழ் உள்ள இறங்கிக்கிட்டிருக்கு. இன்னைக்கு மருந்து போடலேன்னா..." அலமாரியைத் திறந்தார். மூலையில் வெறும் பலகைதான் இருந்தது. பழைய குப்பிகளில் கடைசியானது முப்பிடாதிக்குப் போயிருந்தது.

இரண்டு பேரும் நெய்வியைப் பார்த்தார்கள்.

"நீள்கழுவலை இதுவரைக்கும் யாரும் ஓட்டினதில்ல," என்றார் ரிஸ்வானா. "ஒரு பொட்டும் மிஞ்சாதுன்னு ஏட்டுல இருக்கு. உண்மையான்னு எனக்குத் தெரியாது. மிஞ்சியிருந்தா உங்களைத் திருப்பிக் கொண்டுவர என்கிட்ட ஊசி கிடையாது."

"போடுங்க."

"ஞானப்பூ..."

"சும்மா இருந்தாலும் சாவு. போடுங்க டாக்டரம்மா."

மணி பத்தேகால். ரிஸ்வானா நெய்வியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அரக்கு முத்திரையை உடைத்து, உள்ளேயிருந்த திருகை மறுபக்கம் திருப்பினார். இயந்திரம் சின்னதாகச் செருமிவிட்டுக் காடி வாசனையோடு ஓடத் தொடங்கியது. முதலில் ஞானப்பூவின் பல்லுக்கு, பிறகு மூட்டுவலி, செரிமானம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டிவைத்தார். வெளியே போய், இன்றைக்கு மருந்து இரண்டேகால் மணிக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னார்.

வராந்தா கொதித்தது. "நாலு மணி நேரமா?" "என்ன ஆஸ்பத்திரி இது!" கையைத் தொட்டுக் கும்பிட்ட கிழவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார். யாரோ பழையபடி பத்து நிமிடத்துக்கே போடச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். ஞானப்பூ தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் நெய்வியின் முன்னால் போட்டு, முதுகை அதன்மேல் சாய்த்து உட்கார்ந்தாள். கன்னம் இரும்பாகக் கனத்தது. காய்ச்சலில் கண் சொருகியது. இயந்திரத்தின் அதிர்வு முதுகில் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் நகரவில்லை.

இரண்டேகாலுக்கு மாத்திரை விழுந்தது. ரிஸ்வானா ஒரு துணுக்கைக் கரைத்து அவள் கையில் சொட்டு வைத்தார். பதினைந்து நிமிடம் ஆயிற்று. முப்பது நிமிடம் ஆயிற்று. தோல் தோலாகவே இருந்தது. இதற்கு முன்பும் எத்தனையோ தடவை அப்படி இருந்திருக்கிறது. தோல் சொல்லாததை மற்ற உணர்வாளர்களின் குடல் சொல்லியிருக்கிறது. ஞானப்பூ தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தாள். நாலு வருடத்துக்கு மேலாக அவள் மாத்திரை என்று ஒன்றை வாயில் போட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

ரிஸ்வானா அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

உதடு தடிக்கவில்லை. காது அடைக்கவில்லை. மூச்சு வந்துபோய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுது?" என்றார் ரிஸ்வானா.

"பல்லு வலிக்கு," என்றாள் ஞானப்பூ. ரிஸ்வானா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து தன் விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் கிழித்துப் போட்டார். நூற்று எழுபத்தெட்டுப் பேர் பிழைக்க வழி அந்தப் பீரோவுக்குள்ளேயே இத்தனை வருடமாக இருந்திருக்கிறது. முப்பிடாதி பிழைக்கவும்.

தட்டு நிறைய மாத்திரைகளை எடுத்துக்கொண்டு இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தது. இரத்த அழுத்த மாத்திரைக்கார அம்மாள் மட்டும் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்க?" என்று ரிஸ்வானா அவளை எழுப்பிக் கேட்டார்.

"அடுத்த ஊருக்குப் போயிட்டாவம்மா, பன்னிரண்டு மணி பஸ்ஸுல," என்றாள் அந்த அம்மாள் கொட்டாவியோடு. "அங்க பத்து நிமிசத்துல கிடைக்குதாம். மையம் தொறக்குற வரைக்கும் காத்திருக்காம, ஒரு வாத்தியார் பொண்ணு நெய்விச் சிமிழ்லயிருந்து தானாக் கொக்கியை எடுத்துத் தடவிக் கையைத் தயார் பண்ணி வெச்சிருக்காளாம். மகராசி! ஊரே மாலை போட்டிருக்கு. எனக்குத்தான் ஏறி இறங்க முடியல, இருந்துட்டேன்."

ரிஸ்வானா தட்டோடு அப்படியே நின்றார். ஞானப்பூ அந்த அம்மாளின் உள்ளங்கையில் அவளுடைய மாத்திரையை வைத்தாள்.

"அந்த ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு ஒண்ணு இருக்கு. நீ எதுக்குப் போற? உன் வலிக்குத்தான் மருந்து கிடைச்சாச்சே."

"அந்த ஊர் நெய்வியிலயும் நீள்கழுவல் திருகு இருக்கும்லா," என்ற ஞானப்பூ வீங்கிய கன்னத்தோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.